அம்மை கண்டவருக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்குக் கூலியும் வேண்டும்!

"அம்மை போட்டிருக்கிறது" என்று நம்மவர் வீடுகளில் உரக்கச் சொல்வதில்லை. "அம்மா வந்திருக்கிறாள்" என்று தணிந்த குரலில் சொல்வார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறும். அடுப்பில் தாளிப்பு நிற்கும். வெளியார் உள்ளே வரமாட்டார். உள்ளிருப்பவர் வெளியே போகமாட்டார். மூன்று தண்ணீர் விட்ட பிறகுதான் அந்த வீட்டுக் கதவு ஊராருக்குத் திறக்கும். நமது பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியபோது மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த வழக்கங்களுள் இதுவும் ஒன்று.

இந்த வழக்கம் மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்வோர் உண்டு. இதைவிட்டால் வேறு மருத்துவமே இல்லை என்று பிடிவாதம் செய்வோரும் உண்டு. இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கின்றது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு வீட்டில் அடைந்து கிடக்கும் தொழிலாளியின் அன்றைய கூலியை யார் கொடுப்பது?

இக்கேள்விக்கு விடை இல்லாத இடத்தில்தான் வேப்பிலை கட்டப்படாமல் போகிறது. முதுகில் எழும்பிய கொப்புளங்களை முழுக்கைச் சட்டையால் மூடிக்கொண்டு ஒருவர் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நிற்கிறார். இரண்டு வாரம் கழித்து அவருடன் நின்றவர்களும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் படுக்கிறார்கள். "நோயைப் பரப்பிவிட்டான் பாவி" என்று அவரை ஏசுகிறோம். ஏசுவதற்கு முன், அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பெரியம்மை போயிற்று; சின்னம்மை போகவில்லை

அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்களை அடக்கி நாம் பேசி வருகிறோம். அவற்றுள் மிகக் கொடியது பெரியம்மை. கண்ணைப் பறித்தது, முகத்தைக் குழியாக்கியது, கண்டவர்களில் பலரைக் கொண்டே போயிற்று. அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து டெக்கில் வந்த நம் மக்கள் நேரே பினாங்குக் கரையேறிவிட முடியாது. பெரியம்மைக்கும் காலராவுக்கும் அஞ்சிய அரசாங்கம் அவர்களை ஜெரஜாக் தீவில் இறக்கி, ஒதுக்கு முகாமில் வைத்திருந்து, அதன் பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பியது. பினாங்குப் பாலத்தின் மீது போகிறவர்கள் இன்றும் அத்தீவைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்தப் பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1796இல் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் காட்டிய அம்மைப்பால் வழியைப் பின்பற்றி, நாடு நாடாக, வீடு வீடாக ஊசி குத்தினார்கள். நோய் கண்ட இடத்தைத் தேடிப் பிடித்து, நோயாளியைத் தனியே வைத்து, சுற்றியிருந்தோருக்கெல்லாம் அம்மை குத்தினார்கள். இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியா நாட்டில் கண்டறியப்பட்டார். 1980 மே மாதத்தில், பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஏழை என்றும் செல்வன் என்றும் பாராமல் எல்லாருக்கும் ஊசி எட்டியதனால்தான் அந்த வெற்றி கிட்டியது என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று நம் லயங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் "அம்மை" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சின்னம்மை. வாரிசெல்லா சோஸ்டர் என்னும் வைரஸ் கிருமியால் வருவது இது. முதலில் லேசான காய்ச்சலும் உடல் வலியும். பிறகு மார்பிலும் முதுகிலும் முகத்திலும் சிவந்த பொட்டுகள். அவை ஒரே நாளில் நீர் கோத்த கொப்புளங்களாகி, மங்கி, உடைந்து, பொருக்குக் கட்டும். ஒரு தொகுதி பொருக்குக் கட்டும்போதே இன்னொரு தொகுதி புதிதாகக் கிளம்பும். ஆகவே பொட்டும் கொப்புளமும் பொருக்கும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் காணப்படும். இதுவே சின்னம்மையின் அடையாளம்.

குழந்தைக்கு வாயிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் கொப்புளம் கண்டால், அது கை கால் வாய் நோயாக இருக்கலாம். இருமலும் கண் சிவப்பும் சேர்ந்து, நீர் கோக்காத செந்தடிப்பு உடம்பெல்லாம் பரவினால், அது தட்டம்மையாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் சொல்லி ஒரே வேப்பிலையைக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. இன்னது என்று டாக்டர் வாயால் தெரிந்துகொள்வது முதல் கடமை.

பரவும் விதம்

சின்னம்மை கொப்புள நீர் பட்டும் பரவும். மூச்சுக் காற்றின் வழியாகவும் பரவும். முன்பு இந்நோய் வராதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றக்கூடிய வேகம் அதற்கு உண்டு. கிருமி உள்ளே புகுந்தவுடன் நோய் வெளியே தெரியாது. 10 முதல் 21 நாள் வரை பதுங்கியிருந்து பிறகு கிளம்பும். முதல் பொட்டு எழும்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். கடைசிக் கொப்புளமும் பொருக்குக் கட்டும்வரை அது நீடிக்கும். சாதாரணமாக ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள் பிடிக்கும்.

குளிர் நாடுகளில் இது பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்து போய்விடும். வெப்ப நாடுகளிலோ, சிறுவயதில் தப்பி, உழைக்கும் வயதில் அகப்படுவோர் அதிகம். பிள்ளைகளுக்கு எளிதாகக் கழியும் சின்னம்மை, வளர்ந்தவர்களுக்குக் கடுமையாக இருக்கும். நுரையீரலைப் பிடித்து ஆபத்தில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. முன்பு அம்மை வராத கர்ப்பிணிப் பெண்களுக்கு இது பெரும் அபாயம். தாய்க்கும் அபாயம், வயிற்றுப் பிள்ளைக்கும் அபாயம். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்கு அம்மை கண்டால் பச்சைப் பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கும்.

ஒருமுறை வந்தவருக்குச் சின்னம்மை மீண்டும் வருவது அரிது. ஆனால் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் உறங்கிக் கிடந்து, வயதான காலத்தில் அல்லது உடல் தளர்ந்த நேரத்தில் ஒரு பக்கமாகப் பட்டைபோல் கொப்புளித்துக் கிளம்பும். அதைத்தான் நாம் அக்கி என்கிறோம். காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் பெரியவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். அவர்களிடம் பணிவாக ஒன்று சொல்வோம்: அக்கியின் கொப்புள நீரிலும் அதே கிருமி இருக்கின்றது. அக்கி ஆறும்வரை பேரப்பிள்ளையை மடியில் தூக்கி வைக்காதீர்கள். கண்ணருகே அக்கி கிளம்பினால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாட்டி சொன்னதில் எது சரி?

நமது வழக்கத்தில் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாசல் வேப்பிலை ஓர் அறிவிப்புப் பலகை. "இங்கே தொற்று நோய் இருக்கிறது, வராதே" என்று எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் எல்லாருக்கும் புரியும்படி சொன்ன பலகை. நோயாளியைத் தனியே வைத்ததும், விருந்தினரைத் தடுத்ததும், இன்றைய வைத்தியர்கள் சொல்லும் அதே தனிமை. நகத்தால் சொறியாதே, வேப்பங்கொத்தால் மெல்லத் தடவிக்கொள் என்றதும் நல்லதே. வாயில் புண் இருக்கும்போது காரமும் தாளிப்பும் வேண்டாம், கஞ்சியும் இளநீரும் கொடு என்றதிலும் பழுதில்லை.

பழுது வேறு இடத்தில் இருக்கின்றது. தண்ணீர் விடும் நாள்வரை உடம்பில் நீரே படக்கூடாது என்பது தவறு. வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிக்கலாம். அழுக்கும் வியர்வையும் சேர்ந்தால்தான் புண் சீழ் பிடிக்கும். உடைந்த கொப்புளத்தில் அரைத்த விழுதை அப்புவது தவறு. நகத்தை ஒட்ட வெட்டி, அரிப்புக்குக் கேலமைன் தடவினால் போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. அது ஈரலையும் மூளையையும் தாக்கும் கொடிய கேட்டை விளைவிக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "அம்மா வந்திருக்கும்போது டாக்டரிடம் போகலாகாது" என்பது. வளர்ந்தவர்களுக்கு அசைக்ளோவிர் என்னும் மருந்து இருக்கின்றது. முதல் பொட்டு எழும்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நோயின் வேகத்தைத் தணிக்கும். ஐந்தாம் நாள் போய்க் கேட்டால் அதன் பயன் குறைந்துவிடும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, அறிவு மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கர்ப்பிணிப் பெண் அம்மை வீட்டில் இருந்துவிட்டால், தனக்கு ஒன்றும் வராவிட்டாலும் உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் டவுன் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டிலேயே மகா மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியவர்கள் நம் முன்னோர். அம்மனிடம் நமக்குள்ள பக்தி யாருக்கும் குறைந்ததன்று. பிள்ளையைக் காப்பாற்றும் மருந்தை வேண்டாமென்று அந்தத் தாய் சொல்லமாட்டாள் என்பதே நமது உறுதி.

கூலிக்கு யார் பொறுப்பு?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தனித்திரு என்று பாட்டியும் சொல்கிறாள், டாக்டரும் சொல்கிறார், நிர்வாகமும் சொல்கிறது. தனித்திருப்பதற்கு ஆகும் செலவு என்ன? 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு நாள் வேலை நின்றால் 523 வெள்ளி போயிற்று. வாடகை, அரிசி, பள்ளிப் பஸ் என்று எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்தில் இது சிறு தொகையா?

சட்டம் ஒரு பகுதிக்கு வழி செய்திருக்கின்றது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள்; 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் மேற்சொன்ன நாட்களில் கழிக்கப்படாமல் தனியாகவே உண்டு. இது நிர்வாகம் மனமிரங்கித் தரும் தருமமன்று. சட்டம் தந்த உரிமை.

உரிமைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தோழர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கொடுத்த எம்.சி. இருக்க வேண்டும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் போய்ச் சேர முயன்றிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால், சொல்லாமல் வேலைக்கு வராதவர் என்று கணக்கு எழுதிவிடுவார்கள். வேப்பிலையை மட்டும் கட்டிவிட்டு, டாக்டரையும் பாராமல் பத்து நாள் வீட்டிலிருந்தவர், உடம்பு தேறிப் பெரட்டுக்குப் போகும்போது கூலியையும் இழக்கிறார். சில சமயம் வேலைக்கே வினை தேடிக்கொள்கிறார். ஆகவே வேப்பிலை ஒரு கையில் என்றால், எம்.சி. மறு கையில் இருக்கட்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பி, அதை அழிக்காமல் வைத்துக்கொண்டால் 48 மணி நேரக் கணக்குக்குச் சாட்சியும் ஆகிவிடும்.

ஆனால் சட்டம் கைவிட்ட இடமும் இருக்கின்றது. அம்மை முதலில் பிடிப்பது பெரும்பாலும் பிள்ளையைத்தான். பள்ளியும் ஏற்காது, ஆயாக்கொட்டகையும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. அப்படியானால் அந்தப் பிள்ளையோடு யார் இருப்பது? தாய் இருந்தால் தாயின் கூலி போகும். தந்தை இருந்தால் தந்தையின் கூலி போகும். பிள்ளை பிறந்தால் தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு 7 நாளும் 2023 முதல் சட்டத்தில் இருக்கின்றன. பிறந்த அந்தப் பிள்ளைக்குத் தொற்று நோய் கண்டால் பெற்றவருக்கு ஒரு நாள்கூட அச்சட்டத்தில் இல்லை. ஆண்டு விடுமுறை மிஞ்சியிருந்தால் அதைச் செலவழிக்க வேண்டும். இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பு. இந்த நிலையில் ஒரு தாய், "நேற்றைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது" என்று சொல்லிப் பொருக்குக் கட்டாத பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போனால், அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை.

அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர்

இன்று செபராங் பிறையில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரத்தைவிடச் செம்பனையே மிகுதி. வேலை செய்வோரில் பலர் வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைக்காரர்கள் தங்கும் விடுதிகளில் ஓர் அறையில் பலர் படுத்தெழுகிறார்கள். அங்கே ஒருவருக்குச் சின்னம்மை கண்டால் அவர் எங்கே தனித்திருப்பார்? வாசலில் வேப்பிலை கட்ட அவருக்கு வீடும் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுக்கத் தாயும் அருகில் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணமும் அவருக்குப் பல மடங்கு.

"அவர்கள் வந்து நோயைக் கொண்டுவந்தார்கள்" என்று நம்மவரில் சிலர் பேசுவதைக் கேட்கும்போது நாம் வெட்கப்படுகிறோம். ஜெரஜாக் தீவில் நம் பாட்டனையும் பாட்டியையும் இறக்கி வைத்தபோது, கரையில் நின்றவர்கள் பேசிய பேச்சும் இப்படித்தானே இருந்திருக்கும்! வைரஸ் கடவுச்சீட்டுப் பார்த்து ஒட்டுவதில்லை. வேலைச் சட்டமும் நோய் விடுப்புக்கு நாடு பார்ப்பதில்லை. அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கும் அதே 14 நாள், அதே 18 நாள், அதே 22 நாள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரியச் சொல்ல வேண்டியது அருகிலிருக்கும் நமது கடமை. அவர் கூலிக்குப் பயந்து நோயை மறைத்தால், அது நம் பிள்ளைக்கும் வந்து சேரும்.

தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் கருதி எழுதப்பட்டது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 முதல் மற்றத் தொழில்களின் விடுதிகளுக்கும் விரிந்தது. தோட்ட லயத்துக்காகப் போராடிப் பெற்ற பாதுகாப்பு, தொழிற்சாலை விடுதிக்கும் போய்ச் சேர்ந்தது என்பதில் நமக்குப் பெருமையே. அந்தச் சட்டம் காகிதத்தில் உறங்காமல், ஒவ்வொரு விடுதியிலும் நோயாளிக்கென ஓர் அறை என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நாம் கேட்பது

சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு. தம் மகன் இந்நோயில் பட்ட துன்பத்தைப் பார்த்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி 1970களில் உருவாக்கிய ஊசி அது. அமெரிக்கா 1995இலும், ஜப்பான் 2014இலும் அதைப் பிள்ளைகளுக்கான பொதுத் தடுப்பூசிகளுள் சேர்த்துக்கொண்டன. இரண்டு தவணை போட்டுக்கொண்டவருக்குக் கடும் நோய் வருவது மிக அரிது. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் மற்றவர்களுக்குப் போட்டாலும் பயன் உண்டு. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது. நம் நாட்டிலோ இவ்வூசியைத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. காசுள்ளவன் பிள்ளை தப்பும். இல்லாதவன் பிள்ளை படுக்கும்! பெரியம்மையை ஒழித்த வழி இதுவன்று.

ஆகவே நாம் கேட்பவை இவை. சின்னம்மை ஊசி, தட்டம்மை ஊசியைப் போலவே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக வேண்டும். தொற்று நோய் கண்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும்; சட்டம் வரும்வரை கூட்டு ஒப்பந்தத்திலாவது அது ஏற வேண்டும். காண்ட்ராக்டர் மூலம் வந்த தொழிலாளி, நேரடித் தொழிலாளி என்ற பேதமில்லாமல் நோய் விடுப்பு கைக்குக் கிட்ட வேண்டும். விடுதிகளில் தனியறை வேண்டும்.

நமது பங்கும் உண்டு. பொட்டு எழும்பிய அன்றே டாக்டரைப் பார்ப்போம். எம்.சி. வாங்குவோம், 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்போம். கடைசிப் பொருக்குக் கட்டும்வரை வெளியே போகமாட்டோம். அம்மை வீட்டுக்குச் சாமான் வாங்கி வாசலில் வைப்பது பக்கத்து வீட்டார் வேலையாக இருக்கட்டும். நம் லயங்களில் அந்த நல்ல பழக்கம் இன்னும் செத்துவிடவில்லை.

அம்மைக்கு அஞ்சாதவர் இல்லை. ஆனால் நம் தொழிலாளி அம்மையைவிட, மாத முடிவில் கைக்கு வரும் சம்பளத் துண்டுக்கே அதிகம் அஞ்சுகிறார். அந்த அச்சம் நீங்கினால், நோயை மறைக்க அவருக்குக் காரணமே இராது. அதை நீக்கும் வேலைக்கே சங்கம் இருக்கின்றது.